ஏழாம் வீட்டு அஞ்சல்

மழை அணைக்கட்டுப் பக்கமிருந்து வந்து, தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகளைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. இப்படிப் பெய்யும் நாள்களில் டுரியான் துங்கால் முழுவதும் தண்ணீருக்கடியில் இருக்கும் ஊர் மாதிரி தெரியும். சாலையில் காடிகள் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு மீன்களைப் போல மெதுவாக நகரும். பவானேஸ்வரி சமையலறைச் சன்னலைப் பாதி மூடிவிட்டுக் கோழிக்கறியைக் கிண்டினாள். கம்பத்து நாட்டுக்கோழி. சீக்கிரம் வேகாது.

ஞாயிறு என்றால் தம்பி சேகரன் சாப்பிட வருவான். கலைமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனை விட்டுப் போனதிலிருந்து ஒரு ஞாயிறும் தவறியதில்லை. வரும்போது கையில் எதையாவது கொண்டுவருவான். இன்று ரம்புத்தான். சட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து ஓடிவந்தான்.

"அக்கா, ஒன் வீட்டு டிரெய்னுல மழைத்தண்ணி ரொம்பி வழியுது. இன்னும் கொஞ்ச நேரம் பேஞ்சா மாமா சம்பான் ஓட்டிக்கிட்டுத்தான் ஆபீஸ் போகணும்."

"வாய மூடிக்கிட்டு கால கழுவிட்டு உள்ள வா. இப்பத்தான் மாப் போட்டேன்."

"மாமா வந்துட்டாரா?"

"வந்து குளிக்கிறாரு. சாப்புட்டுட்டு மறுபடியும் போகணுமாம்."

சேகரன் சிரித்தான். சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும் அவனுக்கு. லோரி ஓட்டும் கைகள் தடித்திருந்தாலும் முகம் மட்டும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் லோரியை நிறுத்தினால் காவல்காரர்கூட அவனோடு ஒரு வார்த்தை பேசாமல் கேட்டைத் திறக்கமாட்டார். அவனைப் பிடிக்காதவர் யாரும் இல்லை. அதனால்தான் கலைமகள் போனபோது தப்பு அவள்மேல்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பவானேஸ்வரி அப்படி நினைக்கவில்லை. கலைமகள் கைப்பையோடும் பிள்ளையோடும் பஸ் ஏறிய விடியலில், காடியில் பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டவளே அவள்தான். கலைமகள் இப்போது எந்த ஊரில், எந்தக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறாள் என்பது தெரிந்த ஒரே சொந்தமும் அவள்தான். அந்த ஊரின் பெயரை இந்தச் சமையலறையில் தனியாக இருக்கும்போதுகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. கணவன் புவனேந்திரனிடமும் சொல்லவில்லை. அவருக்குப் பொய் வராது. ரகசியத்தை அவர் முகம் ஒரு நாள்கூடத் தாங்காது.

புவனேந்திரன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து ஆயர் குரோ அலுவலகத்தில்தான் கிடந்தார். கண்கள் சிவந்திருந்தன, ஆனாலும் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. தோட்டம் ஒரு கம்பெனி, தொழிற்சாலை ஒரு கம்பெனி, லோரிகள் ஒரு கம்பெனி. மூன்றையும் ஒரே முதலாளி வாங்கி நாளாகிவிட்டது. ஆனால் கணினிகள் மட்டும் இன்னும் மூன்று கம்பெனிகளாகவே இருந்தன. யார் யார் வேலையாள், யார் எதைத் திறக்கலாம் என்ற பெயர்ப்பதிவு மூன்று இடத்தில் தனித்தனியாக இருந்தது. அஞ்சல் சர்வர்களும் மூன்று. எல்லாவற்றையும் ஒரே டொமைனுக்குள், ஒரே சர்வருக்குள் கொண்டுவருவதுதான் புவனேந்திரனின் வேலை. மாதக்கணக்கில் அதையே பேசி, அதையே கனவு கண்டார்.

"ஃபேக்டரி முடிஞ்சுச்சு, லோரி முடிஞ்சுச்சு," என்றபடி மேசையில் உட்கார்ந்தார். "தோட்டம் மட்டும் ஓடிக்கிட்டிருக்கு. ஆபீஸ்ல ஸுஹைர் இருந்து பாத்துக்கிறான்."

"அந்தப் பையன் சாப்புட்டானா?" என்று பவானேஸ்வரி கேட்டாள்.

"அவனோட அம்மா லத்தீஃபா பெரிய டிபன் கட்டிக் குடுத்திருக்காங்க. எனக்கும் சேத்து. நான்தான் ஒன் கோழிக்காக வந்தேன்."

"கோழிக்காகவா, என் தம்பிக்காகவா?"

"ஒன் தம்பிக்காக யாராச்சும் மழையில வருவாங்களா?"

"மாமா!" சேகரன் ரம்புத்தானை உரித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினான். "கிண்டல் எல்லாம் அப்பறம். டிரைவருங்க எல்லாரும் நாளைக்குக் காலையில புது ஈமெயிலோட வரணும்னு மெசேஜ் போட்டிருக்கானுங்க. டிரிப் பேப்பரெல்லாம் இனிமே அதுலதானாம். எனக்கு அதெல்லாம் வராது. போட்டுக் குடுங்க."

"குடு, மச்சான். ஒன் ஒருத்தனுக்குத்தான் வீட்டுக்கே வந்து செய்யிற சர்வீஸ்."

புவனேந்திரன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, புதிய முகவரியைத் தட்டி, மறைச்சொல்லைப் போட வைத்து, கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நிமிடத்தில் அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான். இத்தனை மாத வேலை தன் சாப்பாட்டு மேசையில், தன் மச்சான் கையில் உயிரோடு ஓடுவதைப் பார்க்கும் சந்தோஷம்.

பவானேஸ்வரி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் கைப்பேசி ஒரு முறை ஒலித்தது. மறுபடியும். பிறகு நிற்காமல் ஒலிக்கத் தொடங்கியது.

"மாமா, என்னா இது, மழை மாதிரி கொட்டுது?" சேகரன் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தான். "'மூணாம் லயத்துக்கு வியாழக்கிழமை கொசு மருந்து அடிக்க வருவாங்க, வீட்டக் காலி பண்ணி வெளியில நிக்கணும்.' எந்தக் காலத்து வியாழக்கிழமை இது?"

"அது தோட்டத்துப் பழைய பெட்டி. ஒன் பேருல அங்க ஒண்ணு இருந்திருக்கு. லோரி கம்பெனிக்குப் போனப்பறம் இங்க ஒண்ணு. ரெண்டும் ஒரே ஆள் நம்பர்தானே? அதனால ரெண்டும் சேந்து ஒரே பெட்டியா ஆகிரும். பழசுலேர்ந்து வரிசையா வந்துக்கிட்டிருக்கு, பாரு."

"எனக்குத் தோட்டத்துல ஈமெயில் இருந்துச்சா? எனக்கே தெரியாதே லா!"

சமையலறையில் வடிதட்டு சாய்ந்து, கஞ்சி அவள் விரல்மேல் ஊற்றியது. பவானேஸ்வரி கையை உதறக்கூட இல்லை.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக அவள் சேர்ந்த சில வருடங்களில்தான் எல்லாரும் ஈமெயில் கேட்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், கிளினிக்கில் கேட்டார்கள், சேமநிதியில் கேட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் வேலைக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். "கிராணிம்மா, ஏதோ ஈமெயில்னு கேக்குறாங்க, போட்டுக் குடும்மா." தோட்டத்தில் எல்லாமே வீட்டுக் கணக்குத்தான். தண்ணீர், கரண்டு, திருவிழா வரி எல்லாமே லயமும் கதவு நம்பரும் வைத்துத்தான். அவளும் அப்படியே செய்தாள். வீட்டுக்கு ஒரு பெட்டி. மூணாம் லயம், ஏழாம் வீடு என்று முகவரி. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள் நம்பர் போடாமல் கணினி விடவில்லை. பெண்களில் பாதிப் பேர் கான்ட்ராக்டில் புல் வெட்டுகிறவர்கள், நம்பர் கிடையாது. அதனால் அந்தந்த வீட்டு ஆம்பளையின் நம்பரைப் போட்டாள். அப்போது அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. மறைச்சொல் எல்லாம் அவளிடமே இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை பெட்டிகளைத் திறந்து பார்த்து, "ஒன் மகளுக்கு ஊசி போட வரச் சொல்லியிருக்காங்க," "புது வீட்டுச் சாவி வாங்க வரச் சொல்றாங்க," என்று போன் போட்டுச் சொல்வாள். லயங்கள் காலியாகி, ஜனங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போன பிறகும் பெட்டிகள் அப்படியே இருந்தன.

கலைமகளுக்குத் தெரிந்த ஒரே ஈமெயில் முகவரி, சேகரனோடு குடியிருந்த அந்த ஏழாம் வீட்டுடையதுதான். போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தபோது அதைத்தான் எழுதினாள். வெல்ஃபேர் ஆபீஸ், கோர்ட், பிள்ளையின் புதுப் பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குத்தான் எழுதின. மாற்றிவிடலாமா என்று பவானேஸ்வரி ஒரு தடவை யோசித்தாள். பிறகு வேண்டாம் என்று விட்டாள். சேகரனின் கை படாத ஒரே இடம் அதுதான் என்று தோன்றியது. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

போன மாதம் படுக்கும்போது கணவனிடம் கேட்டாள். "தோட்டத்துப் பழைய ஈமெயில் எல்லாம் தொலைஞ்சிருமா?" அவர் பெருமையாகச் சொன்னார். "ஒரு எழுத்துகூடத் தொலையாது, பவானி. எல்லாத்தையும் பத்திரமா கொண்டுவந்து சேத்துருவேன்." அவளும் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். தொலையுமா என்று கேட்டவள், யாரிடம் போய்ச் சேரும் என்று கேட்கவில்லை.

"என்னாங்க," என்று சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கேஸ் தோங் தீந்துருச்சு. கொஞ்சம் வந்து மாத்துங்க."

"நான் மாத்துறேன் அக்கா," என்று சேகரன் எழுந்தான்.

"நீ உக்காரு! விருந்தாளி மாதிரி ஒரு நாளாச்சும் உக்காரு."

புவனேந்திரன் உள்ளே வந்து குனிந்து தோங்கை அசைத்துப் பார்த்தார். "பாதிக்கு மேல இருக்கே, பவானி?"

அவள் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சட்டியில் விழும் சத்தத்துக்குள் வாயை வைத்துப் பேசினாள். "அத நிறுத்துங்க. அவன் போனுக்கு வர்றத."

"எத?"

"ஏழாம் வீட்டுப் பெட்டிய. அதுல கலையோட லெட்டரெல்லாம் இருக்கு. இப்ப இருக்கிற அட்ரஸ். பிள்ளையோட ஸ்கூல் பேரு. கோர்ட்டு தேதி. எல்லாம் அதுலதான் இருக்கு."

புவனேந்திரன் தோங்கின்மேல் கைவைத்தபடியே இருந்தார். மெதுவாக நிமிர்ந்தார். "கலைமகள் எங்க இருக்கான்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அவ போன அன்னிலேர்ந்தே."

கூடத்திலிருந்து சேகரனின் குரல் வந்தது. "அக்கா, இங்க பாரேன்! தனுஷா பொறந்தப்ப கிளினிக்குலேர்ந்து வந்த லெட்டர். அவ வெயிட்டெல்லாம் போட்டிருக்கு. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தா!"

"அப்படியா!" என்று பவானேஸ்வரி சத்தமாகச் சொன்னாள்.

புவனேந்திரன் குரலைத் தாழ்த்தினார். "அவன் இந்த மேசையில உக்காந்து அழுதான், பவானி. நான் அவன் தோள்ல கைய வெச்சு, வந்துருவா, வந்துருவான்னு சொன்னேன். நீ பக்கத்துலதான் சோறு போட்டுக்கிட்டு நின்ன."

"ஆமா."

"எப்படி முடிஞ்சுச்சு ஒனக்கு?"

"அவனும் என் தம்பிதான். அவனுக்கும் பசிக்கும்ல?"

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீங்க அவன் மொகத்தப் பாத்துப் பேசியிருப்பீங்களா? ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிருப்பான். இப்ப சண்ட வேணாம். எது வரைக்கும் வந்துருக்கு? எந்த வருஷம்?"

அவர் கைப்பேசியை எடுத்து ஸுஹைரைக் கூப்பிட்டார். எடுத்ததும் மறுமுனையில் குளிர்சாதனத்தின் இரைச்சல் கேட்டது.

"அண்ணே, சொல்லுங்க. கோழி தீந்துருச்சா? இங்க எங்கம்மா பிரியாணி இன்னும் இருக்கு."

"ஸுஹைர், தோட்டத்துல மூணாம் லயம் ஏழுன்னு ஒரு பெட்டி. அத நிறுத்து. இப்பவே."

விசைகள் தட்டும் சத்தம். "அது சேகரண்ணன் நம்பர்ல இருக்கு அண்ணே. நல்லாத்தானே ஓடுது. பாதிக்கு மேல போயிருச்சு."

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

"நிறுத்தலாம் அண்ணே, கோவிக்காதீங்க. ஆனா நடுவுல நிறுத்துனா காரணம் போடணும். பாஸ் வீட்டுலேர்ந்து பாத்துக்கிட்டிருக்காரு. என்னான்னு போட?"

"ஏதோ தப்புன்னு போடு."

"தப்புன்னு போட்டா, திருத்திட்டு நாளைக்கு மறுபடியும் ஓட்டும்பாரு. நம்ம டெஸ்ட்டுலயும் இப்படித்தானே சொன்னாரு?"

புவனேந்திரன் கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். இந்த வேலையை எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு பெயர் விடுபடாமல், ஒரு நம்பர் இரண்டு தடவை வராமல் இருக்கும்படி எத்தனையோ மாலைகள் இதே வீட்டில் உட்கார்ந்து சரிபார்த்தார். அந்த நம்பருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கத் தோன்றவில்லை. அது அவர் குற்றமும் இல்லை.

"பொய் சொன்னா நாளைக்கு மறுபடியும் வரும்," என்றார். "உண்மையச் சொன்னா கம்பெனி பெட்டிய வேலையாள் இல்லாத ஆளுக்குக் குடுத்தது யாருன்னு கேப்பாங்க. ஒன் வேலை போயிரும், பவானி."

"போனக் குடுங்க."

"யோசி."

"எத்தன வருஷமோ, என் தம்பின்னு யோசிச்சாச்சு. குடுங்க." வாங்கினாள். "தம்பி ஸுஹைர், நான் பவானேஸ்வரி. நான் சொல்றத அப்படியே எழுது. தோட்டத்துல வீட்டுக்கு ஒரு பெட்டின்னு தொறந்தது நான், கிராணி பவானேஸ்வரி. அதுல வேலையாள் லெட்டர் மட்டும் இல்ல, வீட்டுல இருந்த எல்லார் லெட்டரும் இருக்கு. ஆம்பள நம்பர் போட்டதுக்காக அதெல்லாம் ஆம்பளைக்குச் சேராது. எழுதிட்டியா?"

"அக்கா..." ஸுஹைரின் குரலில் விளையாட்டு போய்விட்டது. "மெதுவா சொல்லுங்க. எழுதுறேன். ஏழாம் வீடு மட்டும்தானே?"

அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள், லயத்து வீடுகள் வரிசையாக வந்தன. அன்னம்மாவின் வீடு, விமலனும் அவன் அண்ணனும் பேசிக்கொள்ளாமல் பிரிந்த வீடு, மருமகள் மட்டும் தனியாக மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த வீடு. எல்லார் அஞ்சலையும் படித்துச் சொன்னவள் அவள். "இல்ல. எல்லா வீட்டையும் நிறுத்து. எல்லா வீட்டுலயும் ரெண்டு பேரு இருக்காங்க."

"சரிக்கா. நிறுத்திட்டேன். பழைய சர்வர் இந்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கும், ஒண்ணும் அழியாது. சேகரண்ணன் போனுக்கு வந்ததையும் எடுத்துர்றேன்." கொஞ்சம் தயங்கிச் சொன்னான். "ஆனா படிச்சத எடுக்க முடியாதுக்கா."

குழாயை மூடியதும்தான் கூடம் அமைதியாக இருப்பது தெரிந்தது. கைப்பேசி ஒலிக்கவில்லை. சேகரனும் எதையும் படித்துச் சொல்லவில்லை.

அவள் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். சேகரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பாதி உரித்த ரம்புத்தான் ஒன்று கையில் இருந்தது. திரை அணையும்போதெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டு எழுப்பினான்.

"ஆஸ்பத்திரி லெட்டர்," என்றான். "எலும்பு கிளினிக். கலைமகளுக்கு. மாவுக்கட்டு பிரிக்க வரச் சொல்லியிருக்கு." யாரும் கேட்காமலேயே சொன்னான்: "குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்துட்டா, ஞாபகம் இருக்கா அக்கா?"

பவானேஸ்வரி சட்டியை மேசைமேல் வைத்தாள். அந்த மணிக்கட்டை அவள் பார்த்திருக்கிறாள். கட்டுக்கு மேலே, முழங்கைக்குக் கீழே, நான்கு விரல்கள் பதிந்த நீலம். வழுக்கி விழுந்தவளைத் தரை அப்படிப் பிடித்திருக்காது. அவன் குடித்திருக்கவுமில்லை. அவன் குடிக்கிறவனே இல்லை.

"ஞாபகம் இருக்கு," என்றாள்.

"இதுக்கப்பறம் வரல. நின்னுருச்சு. மாமா, மிச்சம் எப்ப வரும்?"

புவனேந்திரன் சமையலறை வாசற்படியில் நின்றிருந்தார்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்," என்றாள் பவானேஸ்வரி.

"ஏன்?"

"இதுக்கப்பறம் இருக்கிறது ஒன்னுது இல்ல."

சேகரன் அவளைப் பார்த்தான், பிறகு மாமாவைப் பார்த்தான், மறுபடியும் அவளைப் பார்த்தான். மழைக்குள் ஓர் ஆள் தூரத்திலிருந்து நடந்து வருவது போல, அவன் கண்ணில் அது மெல்ல வந்து சேர்ந்தது.

"அப்ப அவ அதுலதான் இருக்கா. ஒனக்குத் தெரியும். இத்தன நாளா ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எங்க?"

"சொல்ல மாட்டேன்."

"அக்கா." குரல் இறங்கியது. கெஞ்சியது. "நான் ஒண்ணும் பண்ணமாட்டேங்கா. சத்தியமா. பிள்ளைய மட்டும் ஒரு தடவ பாக்கணும். தூரத்துலேர்ந்து பாத்துட்டு வந்துர்றேன். தனுஷா என்னைய மறந்துருவாக்கா."

அவளுக்கு அழுகை வந்தது. இவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள். அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போனால் இவனுக்குச் சோறூட்டியவளும் அவள்தான். அந்தக் கெஞ்சல் பொய்யில்லை என்றும் தெரிந்தது. அடித்ததும் பொய்யில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கின்றன என்பதுதான் புரியவில்லை.

"கோர்ட்டுல கேளு. ஒருத்தரப் பக்கத்துல வெச்சு பாக்க விடுவாங்க. நான் ஒன்கூட வர்றேன்."

"என் சொந்தப் பிள்ளையப் பாக்க கோர்ட்டா?"

"ஆமா."

"ஒரு அக்கா பேசுற பேச்சா இது?" நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் மோதியது. அவன் எழுந்துவிட்டான். அதே நொடியில் புவனேந்திரன் வாசற்படியிலிருந்து இரண்டு எட்டு வைத்து நடுவில் வந்து நின்றார். அவருக்குச் சண்டை தெரியாது. துண்டு இன்னும் தோளில் தொங்கியது.

சேகரன் அவரைப் பார்த்துச் சிரித்தான். வழக்கமான அதே சிரிப்பு. "என்னா மாமா, அக்காவ அடிக்கப் போறேன்னு நெனைச்சீங்களா?"

புவனேந்திரன் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்ச நேரம் இருந்து, பிறகு இறங்கியது. கையில் இருந்த பழத்தைத் தட்டில் வைத்தான். கைப்பேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சோறு போட்ட தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மழையில் இறங்கிக் காடிக்குப் போனான். இந்தத் தடவை ஓடவில்லை, தலையை மூடவுமில்லை.

காடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இஞ்சின் சத்தம் கேட்கவில்லை.

புவனேந்திரன் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். "போகல. உள்ளயே உக்காந்திருக்கான்."

"வாசக் கிரில்லப் பூட்டுங்க."

"பவானி, நம்ம சேகரன்..."

"பூட்டுங்க."

அவர் பூட்டினார். சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "நான் மூணு மணிக்கு ஆபீஸ் போகணும். நீ தனியா இருப்ப."

"நானும் வர்றேன். பாஸ் கேட்டா நேரா சொல்லிர்றேன். நாளைக்குக் கூப்புட்டு கேக்கறதுக்கு இன்னிக்கே கேக்கட்டும்."

"அவன் பின்னாலயே வருவான்."

"வரட்டும். ஆபீசுக்குத்தானே வருவான்." சொன்ன பிறகுதான் அவளுக்கு அது முழுதாக உறைத்தது. இனிமேல் அவள் எங்கே போனாலும் அவன் வருவான். ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள், காடியை எடுக்கும் ஒவ்வொரு நாளும். மாதத்துக்கு ஒரு தடவை, கணவனிடம் பாசாருக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போய்வந்த அந்த மாடிப்படிக்கு அவளே வழிகாட்டியாகிவிடுவாள்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டாள். கூரைத் தகரத்தில் மழை இரைந்ததால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"அண்ணி!" கலைமகளின் குரலில் சந்தோஷம் இருந்தது. "இப்பத்தான் ஒங்களப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். தனுஷா படம் வரைஞ்சிருக்கா, நீங்க வரும்போது காட்டணுமாம்."

"கலை, கேளு. அவனுக்குத் தெரிஞ்சிருச்சு."

"எடமா?"

"எடம் இல்ல. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிருச்சு. ஏழாம் வீட்டுப் பெட்டி அவன் போனுக்குப் போயிருச்சு. பாதியில நிறுத்திட்டோம். நீ போனதுக்கு முன்னால உள்ளது மட்டும்தான் பாத்தான். தப்பு என்னோடதுதான், கலை. அன்னிக்கு அவன் நம்பரப் போட்டது நான்தான்."

"வேற நம்பர் ஏது அண்ணி, எனக்கு?"

பவானேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கிராணிக் குரலுக்குத் திரும்பினாள், அதுதான் உடையாமல் நிற்கும் என்று தோன்றியது. "இப்ப செய்ய வேண்டியதச் சொல்றேன். வெல்ஃபேர் மேடத்துக்கு இன்னிக்கே போன் போடு. எடம் மாத்திக் கேளு. புது ஈமெயில் ஒண்ணு நீயே தொற, ஒன் பேருல. கோர்ட்டுக்கும் ஸ்கூலுக்கும் அதையே குடு. இந்த போன் நம்பரையும் மாத்திரு."

"சரிண்ணி. மாத்துனதும் ஒங்களுக்குப் புது நம்பரையும் எடத்தையும்..."

"எனக்குச் சொல்லாத."

"அண்ணி?"

"எனக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா ஒரு நாள் சொல்லிருவேன், கலை. அவன் அடிச்சா சொல்லமாட்டேன். அழுதா சொல்லிருவேன்."

போனுக்குள்ளும் மழை இரைந்தது. அந்த ஊரிலும் மழையா, அல்லது இங்குள்ள மழைதான் கம்பி வழியாகப் போய்த் திரும்பி வருகிறதா என்று தெரியவில்லை. பின்னால் பிள்ளை யாரது, யாரது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நாங்க நல்லா இருக்கோமா இல்லையான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?"

பவானேஸ்வரி கஞ்சி பட்டுச் சிவந்திருந்த விரலைப் பார்த்தாள். இப்போதுதான் எரிய ஆரம்பித்தது.

"தெரியாமலே இருந்துக்குவேன்," என்றாள். பிள்ளை போனை வாங்குவதற்கு முன்னால் இணைப்பைத் துண்டித்தாள்.